பின் அறை விலகிய அளவுகள்

மார்ச் 14, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, மூன்றாம் மாடி வீட்டின் பின் அறை மற்ற அறைகளைவிட்டு ஓர் அடி விலகி நின்றது. கணினிகளை உள்ளிருந்து இயக்கும் கெர்னலின் புதிய பதிப்பு முந்தைய நாள் வெளியாகியிருந்தது. அந்த அறையில் நிரலாளரின் மனைவி மூச்சுக்கருவியோடு படுத்திருந்தாள். கருவியைச் செய்த நிறுவனம் மூடி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கருவியைக் கெர்னலோடு இணைக்கும் மாட்யூல் என்ற சிறு நிரலை அவர்தான் தனியாகப் பராமரித்துவந்தார். ஒவ்வொரு பதிப்பிலும், மாட்யூல் அழைக்கும் ஏதாவது ஒரு நிரல்துண்டின், அதாவது ஃபங்ஷனின், பெயர் மாறும். அவர் திருத்தி ஏற்றும் இரண்டு நிமிடமும் மகள் கையால் காற்றுப்பையை அழுத்தி அம்மாவுக்கு மூச்சு கொடுப்பாள். ஏறியதும் அறை வந்து ஒட்டிக்கொள்ளும். ஏறாத ஒவ்வொரு நாளும் இடைவெளி ஓர் அடி கூடும். மனைவியின் மூச்சைத் தொலைவிலிருந்து கண்காணித்த மருத்துவமனையின் இணைப்பு, பழைய பதிப்பைப் பத்து நாள்தான் பொறுக்கும். அதன்பின் கருவி நின்றுவிடும்.

இதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் முப்பத்திரண்டு முறை அறை போய்வந்தது. இடைவெளியில் எட்டடிப் பலகை கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் அதில் துணி காயப்போட்டார். மாட்யூலைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும்படி, கெர்னலை வெளியிடுபவர்களுக்கு நிரலாளர் மூன்று முறை எழுதினார். பயனர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர் என்றார். அதற்குப் பிறகு பதில் வரவில்லை.

இந்த முப்பத்து மூன்றாம் முறை, அவர் நம்பியிருந்த ஃபங்ஷனையே நீக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் பலகை எட்டவில்லை. அவர் அறைக்குள் இருந்தார்.

“அப்பா, வேற யாரையாவது கேக்கலாமே,” என்றாள் மகள் வீட்டுப் பக்கத்திலிருந்து.

“யாரைம்மா கேக்கறது? இது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”

“ஊர்ல யாருக்கும் தேவைப்படாததைப் பண்றதுல உங்கப்பா கெட்டிக்காரர்,” என்றாள் மனைவி முகமூடிக்குள்ளிருந்து.

பத்தாம் நாள் மதியம் நீக்கப்பட்ட ஃபங்ஷனைப் பழைய பதிப்பிலிருந்து பெயர்த்து மாட்யூலுக்குள் வைத்தார். பதிப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனையை அணைத்தார். இடது கையால் பையை அழுத்திக்கொண்டே வலது கையால் ஏற்றினார்.

கருவி ஓடியது. அறையும் வந்து ஒட்டியது, ஆனால் திரும்பியிருந்தது. வீட்டுப் பக்கம் வெறும் சுவர். கதவு தெருவுக்கு மேலே திறந்தது. மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றினால் கருவி ஓடுமா என்று அவருக்கு நிச்சயமில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த பதிப்பு மே 20 அன்று வந்தது. அறை அசையவில்லை. சோதனை அணைந்திருப்பதால் மாட்யூல் எல்லாம் பொருந்துவதாகவே மருத்துவமனைக்குச் சொல்கிறது. மாநகராட்சி அந்தக் கதவுக்குத் தனி எண் கொடுத்திருக்கிறது. மகள் தினமும் இரண்டு வேளை ஏணியில் ஏறி இருவருக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டு இறங்குகிறாள். மூச்சு நிமிடத்துக்குப் பதினான்கு.