கம்மல் போட்ட மாடு

போன மாதம் திறந்த பால் கம்பெனிக்குப் பாரம்பரியம் வேண்டுமாம். டிசைனரும் பண்ணையில் எடுத்த கொட்டகை, வண்டி, மாட்டுப் படங்களை ஒன்றாக ஒட்டி, பழுப்பேற்றி, கீறல் போட்டு, நூறு வருடத்துப் பழைய படமாக்கிவிட்டான். பெருமை தாங்காமல் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"எல்லாம் சரிடா. அந்தக் காலத்து மாட்டுக் காதுல பிளாஸ்டிக் வில்லை எப்படி வந்துச்சு? அதுல பார்கோடு வேற!"

அவன் முகம் தொங்கிப்போனது. அதை அழிப்பதற்குள் கம்பெனி முதலாளியே வந்து நின்றார். படத்தை உற்றுப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க தாத்தா வளர்த்த மாடேதான் தம்பி! காதுல கம்மல்கூட அப்படியே இருக்கு!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவனோ மவுஸை எடுத்து, கம்மலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பளபளப்பு ஏற்றினான்.