நிலத்தை எப்போது விற்பதாக உத்தேசம்?

கதவுக் கீல் செய்யும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் சம்பந்தப்பட்ட ஆளை மேசைக்கு வரவழைத்துவிடுவாள் என்பதால் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவள், ஆடிட்டர் திருத்தி அனுப்பியிருந்த வருடக் கணக்கில் பதினோராம் பக்கத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள்.

பின்னே, சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு பெரிய தொகை வீடு மாறி உட்கார்ந்திருந்தது. ‘ஒத்திவைத்த வரி’ என்ற தலைப்பின் கீழ் ஆறு வருடமாக இருந்த தொகை அங்கே பூஜ்யமாகிவிட்டது. அப்படியே அலுங்காமல் ‘நடப்பு வரி’ என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனி நிற்கிற நிலத்தை அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் சொற்ப விலைக்கு வாங்கிப் போட்டார். சுற்றிலும் ஊர் வளர்ந்து இன்று அதன் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. விற்றால் கொள்ளை லாபம். லாபத்துக்கு வரியும் உண்டு. விற்காதவரை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் நிலத்தின் மதிப்பை இன்றைய விலைக்கு ஏற்றிக் காட்டினால், என்றைக்காவது விற்கும்போது வரப்போகிற வரியையும் கூடவே எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அதுதான் ஒத்திவைத்த வரி. விற்கவே மாட்டோம் என்கிற வீட்டில் அது வெறும் காகிதத்து எண். நடப்பு வரி அப்படியில்லை. முடிந்த வருடத்துக்கு, இதோ இந்த மாதக் கடைசிக்குள் ரொக்கமாகக் கட்டியாக வேண்டியது.

“படிச்ச மனுஷன், தூக்கக் கலக்கத்துல எழுதிட்டாரு போல” என்று சொல்லிக்கொண்டே தாளை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனாள். கணக்கு முடிக்கிற மாதம் முழுக்க அவர் சாமான் அறையை ஒட்டிய சின்ன அறையில்தான் இருப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள்.

“சார், இந்தத் தொகை இங்க வராது. நிலத்தை வித்தாத்தானே நடப்பு வரி?”

“ஆமா மேடம். அதான் மாத்தினேன்.”

“அதான்னா?”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நீல அட்டைக் கோப்பு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். “வக்கீல் ஆபீஸ்லேருந்து நேரா எனக்கு வந்தது. வருஷம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது பதிவாயிருக்கு. பணம் தனிக் கணக்குல இருக்கு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்பனைப் பத்திரத்தின் நகல். நிலத்தின் அளவு சரி, எல்லை சரி, தொகை சரி. பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போனவள் கடைசித் தாளில் நின்றாள். நிலத்தை விற்க இயக்குநர்கள் இருவரும் சம்மதிக்கிறோம் என்ற தீர்மானம். முதலில் அவளோடு சேர்ந்து கம்பெனியை நடத்தும் அண்ணன் கையெழுத்து. கீழே அவளுடையது.

போலிக் கையெழுத்தாக இருந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அவளுடையதேதான். ஒவ்வொரு வருடமும் அண்ணன் ஒரு கட்டுக் காகிதம் அனுப்புவார். கையெழுத்து வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். பாதிக்குமேல் அவளே தயாரித்த தாள்கள். அண்ணன் அனுப்புவதைப் படித்துப் பார்ப்பதா என்று மடமடவென்று போட்டுத் தள்ளிவிடுவாள். ஊரார் கணக்கையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவளுக்கு அந்தக் கட்டு மட்டும் விதிவிலக்கு. மகா புத்திசாலி!

“தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?” என்றார் ஆடிட்டர். அவள் கோப்போடு வெளியே வந்தாள்.

அண்ணன் அறைக்குப் போக பிரஸ் கூடத்தைக் கடக்க வேண்டும். பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெய் மினுங்கும் கீல்கள் தட்டுகளில் விழுந்துகொண்டிருந்தன. நூற்றுப் பத்துப் பேர். எதிரே வந்த ஃபோர்மேன், “அம்மா, தகடு நாளைக்கு வந்துருமில்ல?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாமா இல்லையா என்று அவருக்கும் புரிந்திருக்காது, அவளுக்கும் தெரியாது. அப்பா போன பிறகு இருபத்திரண்டு வருடம் அவள் வாழ்ந்ததே இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். இது போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவளுக்குத் தெரியாது.

அண்ணன் தொலைபேசியில் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டார். கோப்பை மேசைமேல் வைத்தாள்.

“ஏண்ணா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“எதை?”

“நிலத்தை வித்ததை.”

அண்ணன் முகத்தில் குற்றவாளியின் களை இல்லை. மாறாக, இத்தனை நாள் அடக்கிவைத்த வருத்தம் வெளியே வந்தது. “என்னம்மா பேசறே? நீ கேட்டுத்தானே வித்தேன்?”

“நான் கேட்டேனா?”

அவர் இழுப்பறையைத் திறந்து ஆறு தாள்களை எடுத்தார். அவளே கையெழுத்திட்டு வருடத்துக்கு ஒன்றாக அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் ஒரு வரியின் கீழ் அண்ணன் பேனாவால் கோடு போட்டிருந்தார். ‘நிலத்தை எப்போது விற்பதாக உத்தேசம்? எழுத்து மூலம் பதில் தேவை.’

“முதல் தாள் வந்த வருஷம்தான் உன் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு” என்றார் அண்ணன். “அடுத்த வருஷம் உன் பொண்ணு படிக்க வெளியூர் போனா. நீ வாயைத் திறந்து கேக்க மாட்டே, சின்ன வயசுலேருந்தே அப்படி. அதான் எழுத்துல கேக்கறேன்னு நினைச்சேன். அஞ்சு வருஷம் ‘இப்போதைக்கு இல்லை’ன்னு எழுதினேன். எழுதிட்டு ராத்திரி தூக்கம் வராது. தங்கச்சி பங்கைக் கேக்கறா, நான் இயந்திரத்தைக் கட்டிக்கிட்டு அழறேன்னு இருக்கும்.”

“அண்ணா, அது ஆடிட்டர் கேக்கற கேள்விண்ணா. ஒத்திவைத்த வரிக்காக வருஷாவருஷம் கேட்டு வாங்கி வைக்கணும். எல்லாக் கம்பெனியிலயும் கேப்பாங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்? அதுகூடவே வித்தா எவ்வளவு வரும், வரி போக எவ்வளவு மிஞ்சும்னு பைசா சுத்தமா கணக்குப் போட்டு வேற அனுப்பினே.”

ஆமாம், அனுப்பினாள். அந்தக் கணக்கு இல்லாமல் ஒத்திவைத்த வரி வராது. அவள் வீடு அண்ணன் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி. ஞாயிறு தவறாமல் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் கம்பெனிப் பேச்சு கூடாது. ஒருமுறை அப்பாவும் சித்தப்பாவும் அங்கே கணக்குப் பேசப்போய்த்தான் ஜென்மப் பகையானார்கள். அதனால் எதுவானாலும் எழுத்தில். இந்த ஒழுங்கைப் பற்றி அவளுக்கு ரொம்பப் பெருமை.

“தீர்மானம் அனுப்பினப்போ நீ ஓடி வந்து, வேண்டாம்ணான்னு சொல்லுவேன்னு ஒரு நப்பாசை இருந்துச்சு” என்றார். “அரை மணியில கையெழுத்தோட திரும்பி வந்துருச்சு. அவ்வளவு அவசரமான்னு நினைச்சேன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.”

“எனக்கு வேண்டாம்ணா. எனக்கு எப்பவுமே வேண்டாம்.”

அண்ணன் அவளையே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டு, “எனக்கும் வேண்டாம்மா” என்றார்.

அப்புறம் திடுமென்று எழுந்தார். “இரு. வாங்கினவரு நல்ல மனுஷன். இன்னும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடல. மனசு மாறினா அதே விலைக்குத் திருப்பி எழுதித் தரேன்னு அன்னைக்கே சொன்னாரு. பணம் முழுசா அப்படியே இருக்கு. நாளைக்கே போயிடலாம்.” அவர் குரலில் உயிர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் காணாத சுறுசுறுப்போடு கார் சாவியைத் தேடினார்.

அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். மனக்கணக்காகவே முடிந்துவிட்டது, ஆனாலும் தாளில் போட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை போட்டாள். எங்கேயாவது ஒரு புள்ளி இடம் மாறியிருக்காதா என்று வாழ்நாளில் முதல்முறையாக ஆசைப்பட்டாள்.

“பத்தாதுண்ணா.”

“என்ன பத்தாது? வாங்கின பணத்தைத்தானே திருப்பித் தரோம்?”

“வித்தது போன வருஷக் கணக்குல. வருஷம் முடிஞ்சு போச்சு. இனிமே திருப்பி வாங்கினாலும் வித்தது வித்ததுதான். இந்த மாசக் கடைசிக்குள்ள அதுக்கு வரி கட்டணும். கட்டினா நிலத்தைத் திருப்பி வாங்கப் பணம் பத்தாது. அவ்வளவு தொகை நம்மகிட்ட வேற எங்கயும் இல்ல.”

“எவ்வளவு குறையுது?”

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். ஆறு வருடமாக அவள் கையாலேயே வருடாவருடம் சரிபார்த்து எழுதிய அதே தொகை.

அண்ணன் அதை உற்றுப் பார்த்தார். “இதைத்தானே இத்தனை வருஷம் ஒத்திவெச்சே? இன்னும் ஒரு வருஷம் ஒத்திவைம்மா.”

“விக்காதவரைக்கும்தாண்ணா முடியும்” என்றாள். சொல்லிவிட்டு, சின்னப் பெண்ணைப்போல அவர் எதிரில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.