பலகையில் ஆறு ஓட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பலகையிலிருந்து. எங்கள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் வேண்டாமென்று தூக்கிப் போட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையாக்கிக்கொண்டேன். அதன்மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். அதில் ஆறு ஓட்டை இருக்கிறது. அவ்வப்போது பேனா உள்ளே போய்விடுகிறது. பாதியில் நிற்கும் வாக்கியங்களுக்கு நான் பொறுப்பில்லை.

2

முதல் தொடக்கம்: "வெர்லின் தன் கார்பைனை எவ்வளவு திருத்தியிருந்தான் என்றால், சுட்டால் அது தோளைப் பின்னால் உதைக்காமல் முன்னால் இழுத்து, அவனைப் பக்கத்து ஊர்ச் சோளக்காட்டில்—"

(பேனா விழுந்தது. நல்லதுதான்.)

இரண்டாம் தொடக்கம், பொய் குறைவானது: வெர்லினுக்கும் அவன் மனைவி மார்வெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார்பைன். கைத்துப்பாக்கிக் குண்டையே போட்டு, தோளில் சார்த்திச் சுடுகிற குட்டைத் துப்பாக்கி. போட்டியில் அவன் சுட்டுவிட்டுக் கொடுப்பான். அவள் வாங்கிச் சுடுவாள். ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்டால் என்ன ஆகும்? பின்கட்டைக்குள் இருக்கும் எடையை அவன் திங்களன்று குறைப்பான். புதனன்று அவள் பழைய எடையைத் திரும்பப் போடுவாள்.

"என் எடைக்கட்டிய எங்கடி ஒளிச்ச?"

"துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால. உன் கைக்குத்தான் அந்தப் பக்கம் வழியே தெரியாதே!"

"குண்டு போற வேகத்துல நீ கண்ணச் சிமிட்டுற. அதுக்கு எடை என்ன பண்ணும்?"

"சரிப்பா, வர்ற சனிக்கிழமை பாத்துருவோம். ஜெயிக்கிறவங்க கையில திருப்புளி. தோத்தவங்க சாகுற வரைக்கும் இந்தத் துப்பாக்கில ஒரு திருகக்கூடத் தொடக் கூடாது."

"சரி" என்றுவிட்டான் வெர்லின். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. ஓய்வு பெற்றபின் அவன் செய்கிற ஒரே காரியம் திருகு திருப்புவது.*

* இரண்டாம் வரைவில் இவனைத் தூக்கிவிட நினைத்தேன். இப்படியும் ஓர் ஆள் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். அப்போது வாசல் மணி அடித்தது. ஏணி இரவல் கேட்டு வெர்லின் நின்றுகொண்டிருந்தான். இருக்கிறான்.

3

போட்டிக்கு முந்தின நாள் அவன் கடைசித் திருத்தம் ஒன்று செய்தான். கழுத்து வளைய மறுக்கிற வயது. எனவே குறிபார்க்கிற கண்ணாடியை ஓர் உயரமான கட்டையின்மேல் ஏற்றினான். இனித் தலையைத் தாழ்த்தவே வேண்டாம்; கண்ணாடிக்குள் தெரிகிற சிவப்புக் குறிப்புள்ளி தானே கண்ணெதிரே நிற்கும்.

[இங்கே ஒரு கட்டுரைப் பத்தி இருந்தது. சுருக்கம் இதுதான்: புள்ளி மேலே, குழல் கீழே. தூரத்து இலக்கில் இரண்டும் ஒன்றுசேரும். கிட்டத்தில் சேராது, குண்டு நாலு விரல் தாழ்ந்து போகும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நின்று நிதானமாகப் பாடம் எடுப்பவன் யார் என்று நினைக்கிறீர்கள்? வெர்லின்தான்.]

போட்டியன்று வந்த இலக்கெல்லாம் தூரத்து இலக்கு. கடைசிச் சுற்றுக்கு வரும்போது வெர்லின் மயிரிழையில் முன்னால் இருந்தான். கடைசி இலக்கான ஆள் வடிவ அட்டை மட்டும் மூன்றே எட்டு வைக்கிற தூரத்தில், ஒரு வெள்ளைப் பலகைக்குப் பின்னால். பலகைக்கு மேலாகக் குறிபார்க்க வேண்டும். பலகையைத் துளைத்துப் போகும் குண்டு கணக்கில் வராது.

புள்ளி இலக்கின் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆறு குண்டு. அவன் ஆயுளிலேயே மிக அழகான ஆறு குண்டு. அத்தனையும் பலகையில்.

"யோவ் வெர்லின், பலகை செத்துப்போச்சுய்யா! இலக்கு சௌக்கியமா இருக்கு!" என்று கத்தினான் டொய்ல். போன மாதம் இதே மாதிரி ஒரு பீப்பாயைச் சுட்டவன் அவன்.

ஓட்டைகள்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். மார்வெல்லா இது எதையும் பார்க்கவில்லை. அடுத்து அவள் முறை. காதுமூடியை மாட்டிக்கொண்டு, பின்னால் திரும்பி நின்று மேகசினில் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

4

இப்போது வெர்லின் துப்பாக்கியை அவளிடம் கொடுக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளும் பலகையைத்தான் சுடுவாள், திருப்புளி அவனுக்கு. சொல்லிவிட்டால் திருப்புளி போச்சு.

முடிவு அ: சொல்லவில்லை. ஜெயித்தான். வீடு போனதும் திருப்புளி துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

முடிவு ஆ: சொன்னான். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று முறைத்தவள், அவன் சொன்னதற்கு நேர்மாறாக—

(பேனா.)

நான் பார்த்தது இவ்வளவுதான். அன்று நேரம் பார்ப்பது என் வேலை, டைமர் என் கையில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றேன். துப்பாக்கியைக் கொடுத்தவன் உடனே நகரவில்லை. அந்த வளையாத கழுத்தை வளைத்து, அவள் காதுமூடியை ஒரு விரலால் தூக்கி, ஏதோ சொன்னான். நாலைந்து வார்த்தை இருக்கும். மார்வெல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பொத்தானை அழுத்தினேன். பலகையில் ஏழாவது ஓட்டை விழவில்லை.

என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டு காதுக்கும் மூடி மாட்டிக்கொண்டு நின்றவன் நான்.

நீங்கள் மாட்டியிருக்கவில்லையே. இவ்வளவு நேரம் என் பக்கத்தில்தானே நின்றீர்கள்? சொல்லுங்கள்.