எலுமிச்சை சோப்புக்கு ஒரு திட்டம்

வங்கி மேலாளரைப் பார்க்க இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. அக்காவின் சோப்புத் தொழிலுக்கான திட்ட அறிக்கையில் மூன்று பக்கம் முடித்திருந்தேன். கடன் கிடைத்தால் தெருமுனைக் கடையை வாடகைக்கு எடுப்பதாக ஏற்பாடு. அதை நம்பி அக்கா போன மாதமே தையல் வேலையை விட்டுவிட்டாள். வேதியியல் படித்தவள் என்பதால் எழுதுவது என் தலையில் விழுந்தது. யாரிடமும் பேச வேண்டாத வேலைதானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். பொருளின் தனிச்சிறப்பு என்ன என்று கேட்டிருந்தார்கள்.

"மணம்னு எழுதட்டுமாக்கா?"

அக்கா அச்சிலிருந்து சோப்பைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "எழுது," என்றாள். பிறகு, "வேண்டாம். நுரைன்னு போடு."

"நுரை எல்லா சோப்புலயும்தான் வரும்."

"அப்ப விலை."

"கடையில விக்கிறதவிட நம்மது ரெண்டு மடங்குக்கா."

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தான் தலை நிமிராமலே, "உங்கக்கா வாய்னு எழுதும்மா. அதுக்குப் போட்டியே கிடையாது," என்றார். வேறு நாளாக இருந்தால் அக்கா உடனே திருப்பிக் கொடுத்திருப்பாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போன வருடம் இவளிடம் சோப்பு வாங்கியவர்கள் அதைக் குளிக்க எடுக்க மனமில்லாமல் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். நான் பைப்பெட் குழாயில் வாசனை எண்ணெயை அளந்து விட்டதை முகர்ந்து, "ஒரு சொட்டு கூடிப்போச்சுடி," என்பாள். திரும்ப அளந்தால் கூடித்தான் இருக்கும். அந்த மூக்கை விட்டுவிட்டு நுரையை எழுதச் சொல்கிறாள்.

மேலாளருக்குக் காட்ட உறை சுற்றி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்தேன். எலுமிச்சை என்று ஒட்டியிருந்தது. லாவண்டர் மணந்தது. லாவண்டர் என்று ஒட்டியவை எல்லாம் எலுமிச்சை. இரண்டு எண்ணெயும் ஒரே மாதிரி சீசாவில்தான் வரும். அக்கா அவற்றின்மேல் பெயர் எழுதியதில்லை. திறந்தாலே தெரியும் என்பாள்.

"ரெண்டும் மாறியிருக்குக்கா."

அக்கா பக்கத்திலிருந்த சோப்பு ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "ஆமா, லாவண்டர்தான். அவசரத்துல மாறிடுச்சு."

அவள் கையில் இருந்தது கைக்குழந்தைகளுக்கென்று எந்த எண்ணெயும் சேர்க்காமல் செய்த சோப்பு.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தேன்.

"தரம் பாக்கறது யாருன்னு கேட்டிருக்காங்க."

"உன் பேரப் போடு."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்? நீதானே..."

"போடுன்னா போடேன்டி!"

அத்தானின் ஊசி நின்றது. "அவ என்ன தப்பா கேட்டுட்டா?"

அக்கா சோப்பைத் தட்டில் வைத்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்தாள்.

"எனக்கு மணம் தெரியல," என்றாள். "எனக்கு வந்துச்சே, அந்தக் காய்ச்சல் விட்டதுலேருந்து. நாலு மாசமா ஒண்ணுமே தெரியல. வந்துடும், வந்துடும்னு நெனச்சுத்தான் வேலைய விட்டேன்."

பிறகு சோப்பு ஒட்டிய இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடியும் இழுத்தாள்.