கமாண்டரின் மூக்கு

தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுத் தொழிற்சங்கத் தலைவர் ஜீவராஜ் நாய் வளர்க்கிறார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் வளர்த்தது ஜெர்மன் ஷெப்பர்ட். நாய் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மற்றவர்கள் வளர்ப்பது.

மாற்றலாகிப் போன தோட்ட மேனேஜர் தொரை பங்களாவைக் காலி செய்த அன்று, யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டுமே என்று, கைக்கெட்டிய தூரத்தில் நின்ற ஜீவராஜிடம் சங்கிலியை நீட்டினார். கைக்கெட்டிய தூரத்தில் நிற்பதற்காக ஜீவராஜ் காலை ஆறு மணியிலிருந்து அங்கேயே நின்றார் என்பது வேறு விஷயம். தொரை அதற்கு வைத்திருந்த பெயர் பஞ்சு. ஒரு தலைவர் தன் நாயைப் பஞ்சு என்று கூப்பிட முடியுமா? கமாண்டர் என்று மாற்றினார். முதல் மூன்று வாரம் அவர் கமாண்டர், கமாண்டர் என்று கத்தியபோதெல்லாம், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

கவனிப்புக்குக் குறைவில்லை. நுவரெலியாவில் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர் போட்டார். காலையில் பால் தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும், பத்து மணிக்கு பிஸ்கட், மத்தியானம் கோழிக்குழம்பு ஊற்றிய சோறு, பின்னேரம் ரிப்பன் கேக். ஹட்டனில் மர்சூக்கின் கடைக்குப் போய் சத்து மாவு கேட்டார். மேல் தட்டில் இருந்த பெரிய டப்பாவைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார்.

"தலைவர், அது குதிரைக்கு உள்ளது" என்றார் மர்சூக்.

"குதிரைக்கே நல்லதுன்னா நம்ம கமாண்டருக்குக் கெட்டதா?"

மர்சூக் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, நாய்ச் சவர்க்காரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

கமாண்டர் சாப்பிடுவது, தூங்குவது, கொட்டாவி விடுவது எல்லாம் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும். யார் யார் பார்த்தார்கள் என்று ஜீவராஜ் இரவு படுக்குமுன் ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார். தோட்டமே பார்த்திருக்கும். பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலெட்சுமியின் பெயர் மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை.

நாகலெட்சுமி கொழுந்து எடுப்பவள். கணவன் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அவளிடம் சுண்டு என்று ஒரு செம்மண் நிற நாட்டு நாய் இருந்தது. தேயிலைச் செடிக்கடியில் கிடந்ததைத் தூக்கி வந்து வளர்த்தாள். அதற்கு ஸ்வெட்டர் கிடையாது, ஸ்டேட்டஸும் கிடையாது. மே மாதம் வரை ஜீவராஜுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

மே மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட ஹட்டனிலிருந்து மிருக வைத்தியர் ஷாமிலா வந்தார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நாய்களும் ஆட்களுமாய் நல்ல கூட்டம். சுண்டுவின் முறை வந்ததும் வைத்தியர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். விலாவைத் தடவிப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். காதை மடக்கி மோந்தே பார்த்தார்.

"இது யார் வளர்க்கிற நாய்?"

"நம்மளுதுங்க டாக்டர்."

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. நாய் வளர்த்தா இப்படித்தான் வளர்க்கணும். தோல் சுத்தம், காது சுத்தம், எடை சரி."

அடுத்து கமாண்டர். வைத்தியர் விலாவைத் தேடினார். விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

ஜீவராஜ் தொண்டையைச் செருமி, மே தினக் கூட்டத்தில் கோரிக்கைகளை வாசிக்கும் குரலில் பட்டியலை வாசித்தார். வாசிக்க வாசிக்க வைத்தியரின் பேனா நின்றுவிட்டது.

"கேக்குமா?"

"நல்ல கேக்குதாங்க டாக்டர். ரிப்பன் கேக்."

"ஐயா, நீங்க இத வளர்க்கல. பாசத்தோட கொன்னுக்கிட்டு இருக்கீங்க. கேக், பணிஸ், தேத்தண்ணி எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. குழம்புல உப்பும் காரமும் வெங்காயமும் இருக்கு, அதுவும் வேணாம். தினமும் நடக்க வைங்க."

"தொர வீட்டுல ஓடிச்சு, தலைவர் வீட்டுக்கு வந்து உருளுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யார் என்று ஜீவராஜ் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள். அதையும் அவர் பொறுத்திருப்பார். சங்கிலியை இழுத்தபோது கமாண்டர் அவரோடு வரவில்லை. நேரே போய் நாகலெட்சுமியின் காலில் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றது. அவள் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். கமாண்டர் கண்ணை மூடிக்கொண்டது. அது அப்படிச் சொக்கிப்போய்க் கண்ணை மூடியதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதைப் பொறாமை என்று ஜீவராஜ் ஒப்புக்கொள்ளமாட்டார். தலைவர்களுக்குப் பொறாமை வராது. மற்றவர்களின் நடவடிக்கைகளில் சந்தேகம்தான் வரும்.

மறுநாளிலிருந்து லயத்துக் கழிவுநீர் ஓடும் கான் துப்புரவாக இருக்கிறதா என்று பார்வையிட ஆரம்பித்தார். பதினாறு வருடத் தலைமையில் அவர் கானைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கான் நாகலெட்சுமியின் அடுப்படிச் சன்னலுக்குக் கீழே போகிறது. அங்கிருந்து சுண்டுவின் சாப்பாடு தெரிந்தது: சோறு, அவித்த பூசணிக்காய், முள் எடுத்த மீன், உப்பில்லை. தண்ணீர்ச் சட்டியைக் காலையும் மாலையும் கழுவினாள். ஞாயிறுதோறும் வாசலில் உட்கார்ந்து சீப்பால் சீவி உண்ணி பார்த்தாள். அவ்வளவுதான். ஜீவராஜ் ஒரு வாரம் கானோரம் காத்திருந்தும் இரகசியம் எதுவும் வெளியே வரவில்லை.

"என்னமோ மறைக்கிறா" என்றார் மனைவி பேச்சியம்மாவிடம்.

"பூசணிக்காய எங்கங்க மறைக்கிறது? அடுப்பு மேலதான இருக்கு."

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது."

"எனக்கு வெளங்குது. கமாண்டருக்கும் வெளங்கிருச்சு. நேத்தும் அவ வாசல்லதான் படுத்திருந்துச்சு."

அன்றே ஜீவராஜ் வீட்டிலும் பூசணிக்காய் வந்தது. நாகலெட்சுமி வாங்கியதைவிடப் பெரியது.

அவள் வேலை முடிந்து பின்னேரத்தில் சுண்டுவை மலைப்பாதையில் நடக்கக் கூட்டிப் போவாள். கையில் ஒரு போத்தல் தண்ணீரும் சிரட்டையும் இருக்கும். பாதி வழியில் சிரட்டையில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பாள். "நாய்க்குப் போத்தல் தண்ணியாம்! ஒனக்கு சிரிப்பு வரல?" என்று பேச்சியம்மாவைக் கேட்டார் ஜீவராஜ். அவளுக்கு வரவில்லை. மறுநாள் அவர் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு, கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து, எல்லோரும் பார்க்கும்படி அதே பாதையில் கமாண்டரை நடத்தினார். நாகலெட்சுமி செய்ததையெல்லாம் செய்தார். போத்தலை மட்டும் எடுக்கவில்லை. அந்தளவுக்கு அவளைப் பின்பற்ற அவர் என்ன, அவளுடைய அங்கத்தவரா?

மேட்டில் ஏறியதும் கமாண்டருக்கு நாக்கு தொங்கியது. ஓடைக்குள் இறங்கி முகத்தை முழுக்க விட்டுக் குடித்தது. அழகான காட்சி. 'இயற்கையின் மடியில் எங்கள் கமாண்டர்' என்று ஸ்டேட்டஸ் போட்டார். அன்று மட்டும் எழுபத்தோரு பேர் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, கமாண்டர் தும்ம ஆரம்பித்தது. முன்காலால் மூக்கைத் தேய்த்தது. இடது மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் சிமெந்துத் தரையில் விழுந்தது.

"கண்ணூறு" என்றார் ஜீவராஜ்.

"யாரு கண்ணு?"

"வேற யாரு? பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறாம. நம்ம கமாண்டர் மெலிஞ்சு அழகாயிருச்சில்ல, பொறுக்கல அவளுக்கு."

பேச்சியம்மா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவளுக்குப் பொறாமயா?" என்று மட்டும் கேட்டாள்.

காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். லயம் முழுக்க இருமியது. கமாண்டர் நாற்பது தடவை தும்மியது, சுவரெல்லாம் இரத்தப் புள்ளி. மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. மிருக வைத்தியர் காரியாலயத்துக்கு எடுத்த அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. அதையடுத்துச் சனி, ஞாயிறு. திங்கள்தான் திறப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் கமாண்டர் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேச்சியம்மா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு வெளுத்துப்போயிருந்தது.

"நாகலெட்சுமிய கூப்பிடுறேன்."

"கண்ணு வச்சவளையேவா?"

"அப்ப நீங்க திங்கக்கெழம வரைக்கும் ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு இருங்க. அதுக்குள்ள இது செத்துரும்."

ஜீவராஜ் கமாண்டரைப் பார்த்தார். அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது. இன்னொருமுறை தட்ட அதனிடம் தெம்பில்லை. அவர் சங்கிலியை எடுத்தார்.

பத்தடித் தூரம்தான். அந்தப் பத்தடிக்குள் மூன்று முன்னுரைகள் தயாரித்தார். எதையும் ஆரம்பிப்பதற்குள் வாசல் வந்துவிட்டது.

"வாங்க தலைவரே" என்றாள் நாகலெட்சுமி. அவள் பார்வை ஏற்கனவே கமாண்டரின் மூக்கில் இருந்தது. "எத்தன நாளா?"

"சும்மா ரெண்டு மூணு நாளா. சளி."

"ஒரு மூக்குலதான வருது? ஓடத் தண்ணி குடிச்சிச்சா?"

"சேச்சே. நம்ம கமாண்டர் கண்ட எடத்துல வாய் வைக்காது."

"அப்ப நல்லது தலைவரே. நான் அட்ட ஏறியிருக்குமோன்னு பயந்துட்டேன். அட்ட இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர்தான் பாக்கணும்." அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பினாள்.

ஜீவராஜ் வாசலில் நின்றார். கமாண்டர் தும்மியது. வெள்ளைச் சட்டையில் மூன்று சிவப்புப் புள்ளி.

"தங்கச்சி."

அவள் திரும்பினாள். அவர் கைத்தொலைபேசியை எடுத்து, படங்களைத் தள்ளித் தள்ளி, ஓடைக்குள் முகத்தை விட்டிருந்த கமாண்டரைக் காட்டினார். எழுபத்தோரு பேர் பார்த்த ஸ்டேட்டஸை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்; கீழே 'இயற்கையின் மடியில்' என்று இருந்தது. நாகலெட்சுமி அதை வாசித்தாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"மழ காலத்துல அந்த ஓடையில நூல் மாதிரி சின்ன அட்ட இருக்குங்க. மூக்குக்குள்ள போயி ரத்தம் குடிச்சுப் பெருத்துரும். சுண்டு குட்டியில அதால சாகப் பாத்துச்சு. அப்பத்துல இருந்துதான் போத்தல். இப்ப ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாதீங்க."

இரண்டு மணி நேரம் அவர் அவளுடைய வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பிறகு அவள் அகலமான பேசினில் தெளிந்த தண்ணீர் கொண்டுவந்து கமாண்டரின் மூக்குக்குக் கீழே வைத்தாள். வலது கையில் உப்புத் தொட்ட துணி.

"தலைய நீங்க பிடிங்க. குடிக்க விட்டுராதீங்க. தண்ணி வாசம் பட்டா அட்ட எட்டிப் பாக்கும்."

ஜீவராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார்.

"இறுக்காதீங்க தலைவரே, மூச்சு முட்டுது. நீங்க நடுங்குனா அதுவும் நடுங்கும்."

தலைவர் நடுங்குவதாக யாரும் இதுவரை சொன்னதில்லை. அவர் பிடியைத் தளர்த்தினார். நாலைந்து நிமிடம் எதுவும் இல்லை. பிறகு இடது மூக்கின் ஓரத்தில் கறுப்பாய் ஒன்று நெளிந்தது. நீண்டது. தண்ணீரைத் தொடப் போனது. நாகலெட்சுமி துணியோடு பிடித்து, இழுத்துப் பிய்க்காமல், அது தானாக விடும்வரை மெல்லப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வழுக்கி வெளியே வந்தது சுண்டுவிரல் தடிப்பில் ஓர் அட்டை.

"இன்னும் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்படாதீங்க. திங்கக்கெழம கட்டாயம் டாக்டர்கிட்ட காட்டுங்க, இன்னொண்ணு உள்ள இருக்கலாம். இப்ப குடிக்கட்டும்."

கமாண்டர் பேசினையே காலி செய்தது. பிறகு நீளமாய் மூச்சு விட்டு, நாகலெட்சுமியின் மடியில் தலையை வைத்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு நின்றவரை அது திரும்பியும் பார்க்கவில்லை. ஜீவராஜின் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் மேலே வந்தது. நாய் பிழைத்துவிட்டது என்ற நிம்மதி அதைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தன.

"ரொம்ப..." என்று ஆரம்பித்தார். ஆயிரம் பேருக்கு முன்னால் நன்றியுரை ஆற்றிய பழக்கத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போத்தல் ஒண்ணு வாங்கிக்குங்க தலைவரே" என்றாள் அவள்.

அவர் தன் வாசலுக்குப் போய் நின்று, "கமாண்டர்!" என்று கூப்பிட்டார். அது காதை அசைத்ததோடு சரி. இரண்டாம் தடவை அதையும் அசைக்கவில்லை. ஜீவராஜ் லயத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. குனிந்து, பேச்சியம்மாவுக்குக்கூடக் கேட்காத குரலில், "பஞ்சு... வாடா பஞ்சு" என்றார்.

அது எழுந்து வந்தது.