அக்காவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ

அத்தான் செத்துப்போன செய்தியை வினோதன் அன்று பின்னேரம் ஊரெல்லாம் சொன்னான். மில்லிக்கனுக்குச் சொன்னான், மிசிசாகாவுக்குச் சொன்னான், லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சொன்னான். யாருக்குச் சொன்னாலும் கடைசியில் ஒரே வசனத்தைச் சேர்த்தான்.

"அக்காவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ."

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேணும் என்று வாழ்கிற சனம் இது. கலியாணத்துக்குச் சொல்ல மறந்தால் நாலு நாள் முகத்தை நீட்டிவிட்டு வந்து கதைக்கும். செத்தவீட்டுக்குச் சொல்ல மறந்தால் அடுத்த செத்தவீடு வரைக்கும் கதையில்லை. அதனால் வினோதன் தூரத்துச் சொந்தத்தையும் விடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் வியட்நாமில் இருந்தாள். ஜெயமலர் கனடாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு அவள் ஏறிய விமானமெல்லாம் யாருடையதோ கலியாணத்துக்கும் யாருடையதோ சாவுக்கும்தான். ஊர் பார்க்க என்று போனது இதுதான் முதல் தடவை. புருஷன் நவரட்ணத்துக்கு முழங்கால் வருத்தம், நடக்கமாட்டார். "என்னைக் காவல் காத்தது காணும், போட்டு வாரும்" என்று அவர்தான் ரொறன்ரோத் தமிழர்களின் சுற்றுலாக் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டார். இரண்டு மாதமாக வாய் ஓயாமல் இந்தப் பயணத்தைப் பற்றியே கதைத்த மனிதர், அன்று மத்தியானம் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். வேலையால் வந்த மகள் சிவானி தட்டி எழுப்பியபோது கை குளிர்ந்துபோய் இருந்தது.

"மாமா, அம்மாவுக்கு இப்பவே சொல்லவேணும்" என்றாள் சிவானி. அழுது அழுது அவளுக்குக் குரல் அடைத்திருந்தது. "ஷீ ஹாஸ் அ ரைட் டு நோ."

"என்ன ரைட்? சொன்னால் அங்க அவ ஆரின்ர மடியில விழுந்து அழுவா? பாஷை தெரியாத தேசம். ஒரு நாள் முழுக்கப் பிளேனுக்குள்ள தனிய இருந்து அழுதுகொண்டு வரவேணுமே? மூண்டு நாளில வந்திடுவா. வீட்டுக்கு வந்தாப்பிறகு நான் பக்கத்தில இருந்து சொல்லுறன். அதுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

தாய் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தெடுத்தவள் அக்கா. கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவளும் அவள்தான். அவள் தனியே நின்று கதறுவதை நினைக்க அவனுக்கு நெஞ்சு வெடித்தது, அது உண்மை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவனுக்கு அன்பு இருந்தாலும் ஆபத்துத்தான்.

இரவுச் சாப்பாட்டு நேரம் நவரட்ணத்தின் போன் அடித்தது. அங்கே அப்போது காலை. சிவானி அறைக்குள் ஓடிவிட்டாள். வினோதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"எட, நீ அங்கயோ நிக்கிறாய்?" ஜெயமலரின் முகம் திரை முழுக்கச் சிரித்தது. "அத்தான் எங்க?"

"நித்திரை அக்கா. முழங்கால் வருத்தத்துக்குப் புதுக் குளிசை குடுத்திருக்கினம், குடிச்சால் நித்திரை வருமாம்."

"பார் இந்த மனுசனை! நான் ராசாவின்ர வீட்டு வாசலில நிக்கிறன், அவர் குறட்டை விடுறார்." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஹுவே என்ற அந்தப் பழைய தலைநகரத்தின் கோட்டை. அகழி நிறையத் தாமரை இலை. பெரிய மதிலில் வரிசையாக வாசல்கள். சிறு கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒல்லியான வழிகாட்டிப் பெடியன் ஒருவன் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

"நடு வாசலால ராசா மட்டுந்தான் போகலாமாம். மற்ற ஆக்களெல்லாம் பக்கத்தாலயாம். அத்தான் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் சொல்லு?"

"நடு வாசலாலதான் போவன் எண்டு காவல்காரனோட சண்டைக்கு நிண்டிருப்பார்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வினோதனும் சிரித்தான். சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய? போனை வைத்த பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு விம்மினான்.

சிவானி வாசலில் வந்து நின்றாள். "இதுக்குப் பிறகு வள்ளத்தில பெரிய புத்த கோயிலுக்குக் கொண்டு போகினமாம். செத்தவீட்டுத் துடக்கோட அம்மா கோயிலுக்குள்ள போகப்போறா. அப்பாவுக்கு எண்டு கும்பிடுவா, மாமா. உங்களுக்கு விளங்குதே?"

அவனுக்கு விளங்கியது. குழாயை மூடினான்.

கொஞ்ச நேரத்தில் மேசையில் கிடந்த நவரட்ணத்தின் போன் கிணுங்கியது. அக்கா படம் அனுப்பியிருந்தாள். சுற்றுலாக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கிற அரச உடுப்பு. பொன் மஞ்சள் அங்கி, தலையில் வட்டமாக ஒரு பெரிய கிரீடம். சிவப்புச் சிம்மாசனத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "எப்பிடி உங்கட ராணி?"

போன் திரும்பவும் கிணுங்கியது. "எழும்பிட்டீங்களோ?" பிறகு, "படத்தைப் பாருங்கோவன்." வினோதன் அதைத் தொடப் பயந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவனுடைய சட்டைப் பையும் கிணுங்கியது. ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. செயலாளர் றெமிஜியஸ் அண்ணை நவரட்ணத்தின் படத்தைப் போட்டு, மாலை வரைந்து, "காலமானார்" என்று அறிவித்திருந்தார். செயற்குழுவுக்கு மட்டும் சொல்லுங்கோ என்று இவன் படித்துப் படித்துச் சொன்ன ஆள் அவர். ஊர்வாயை மூட உலைமூடி கிடைக்குமா? வினோதன் அவரைத் திட்ட வாயெடுத்தான். எடுத்த வாய் அப்படியே நின்றது. அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவள் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை, வெறுமனே பார்ப்பவள். ஊரெல்லாம் யோசித்தவன் அதை யோசிக்கவில்லை.

"ஐயோ, அழியுங்கோ அண்ணை, அழியுங்கோ!" என்று றெமிஜியஸுக்கு எடுத்துக் கத்தினான். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குழுவில் இன்னொரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் ஜெயமலர். மேலே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள். மஞ்சள் அங்கி, கிரீடம், சிரிப்பு. "எங்கட வீட்டுக்காரர் நித்திரையாம். ஆரும் கண்டால் இதைப் பார்க்கச் சொல்லுங்கோ."

அதன் கீழே ஊர் எழுதத் தொடங்கியது.

"ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா." "ஓம் சாந்தி." "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ." கூப்பிய கைகள், கண்ணீர் முகங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. வினோதன் எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. சிவானி எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"வினோதன், சனம் ஏன் என்ர படத்துக்குக் கீழ அனுதாபம் போடுது? ஆருக்கு என்ன நடந்தது?"

அவன் திரையைத் தன் முகத்திலிருந்து திருப்பினான்.

"போனை அத்தானிட்டக் குடு."

"அத்தான் நித்திரை அக்கா."

"எழுப்பு."

"அக்கா..."

"எழுப்பு எண்டு சொல்லுறன்!"

"எழுப்பேலாது அக்கா."

கிரீடத்துக்குக் கீழே அந்த முகம் அசையவில்லை. சுற்றுலாக்காரரின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"மத்தியானம். நீங்கள் படுத்திருந்த நேரம்."

"அப்ப நான் வாசலைக் காட்டேக்குள்ள அவர் இல்லை."

"ஓம்."

"நீ என்னோட சேர்ந்து சிரிச்சனி."

"நீங்கள் தனிய நிண்டு அழுவீங்கள் எண்டுதான் அக்கா... பயந்துதான்..."

"அழுதிருப்பன். தலையில அடிச்சு அழுதிருப்பன். அது என்ர உரிமையடா. ஊரெல்லாம் அழுது முடிஞ்சுது. அவற்ர பெண்சாதி வேஷம் கட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாள். இனி ஆர் என்னைப் பார்த்தாலும் இதைத்தானேடா நினைப்பினம்?"

சொல்லி முடிக்க முதல் குரல் உடைந்துவிட்டது. கூடப் போன இராஜேஸ்வரி அன்ரி ஓடிவந்து அவளைப் பிடித்தது தெரிந்தது. போன் சரிந்தது. வழிகாட்டிப் பெடியன் குனிந்து அந்த அங்கியின் முடிச்சுகளை அவிழ்க்கத் தடுமாறினான். அக்காவின் அலறல் மட்டும் கேட்டது. அப்படி அவள் அழுது வினோதன் ஒருநாளும் கேட்டதில்லை.

சிவானி போனைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாயும் மகளும் உலகத்தின் இரண்டு கரையில் நின்று ஒன்றாக அழுதார்கள். வினோதன் கதவுக்கு வெளியே நின்றான். தட்டக் கை தூக்கினான், தட்டவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

"அம்மா நாளைக்கு வெளிக்கிடுறா. இராஜேஸ்வரி அன்ரியும் பயணத்தை விட்டிட்டுக் கூட வாறாவாம்."

"எத்தினை மணிக்கு இறங்குது? நான் போய் ஏத்திக்கொண்டு வாறன்."

சிவானி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏர்போட்டுக்கு நீங்கள் வரவேண்டாமாம், மாமா."