வண்டியில் ஒரு குறையுமில்லை

லூடோவுக்கு வலது கை விரல்கள் செப்டம்பரிலிருந்தே மரத்துப்போய்க்கொண்டிருந்தன. பெல்ஜியத்தின் ஆர்ஸ்கொட் ஊரில் பழி நேராகச் சைக்கிள் மேல் விழுந்தது. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒருவனுக்கு முதுகு வலித்தால் சீட்டின் உயரத்தைப் பார்ப்பார்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் ஹேண்டில்பாரை அளப்பார்கள். லூடோவின் மனைவி லீவாவைப் புதைத்த அன்று அவன் கல்லறை ஓரத்தில் பிரமை பிடித்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டி, "வண்டி நல்லா ஓடுதா?" என்றுதான் கேட்டார்கள். "ஓடுது" என்றான். அவர்கள் துக்கம் விசாரிப்பது அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று ஓர் ஆண் இன்னோர் ஆணைக் கேட்டதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

லீவா போன பிறகு காரை மகள் டீனேவிடம் கொடுத்துவிட்டான். மெக்கலனில் உள்ள பிஸ்கட் தொழிற்சாலைக்குச் சைக்கிளிலேயே போய்வந்தான். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. கால் பங்கு தூரம் கருங்கல் பாவிய தெரு, மற்றதெல்லாம் ஆற்றங்கரை. ஐம்பத்தாறு வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று டீனே கத்திப் பார்த்தாள். அவளுக்கு அவன் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் அவன் லீவாவோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டே போவான். எதிரே ஆள் வந்தால் போனில் பேசுகிறவன் போலக் காதைத் தொட்டுக்கொள்வான். வீட்டில் பேச முடியவில்லை. வீட்டில் ஒவ்வொரு நாற்காலியும் அவள் இல்லை என்று சொல்லியது. அந்தப் பாதையும் போய்விட்டால் தனக்கு ஒன்றுமே மிஞ்சாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விரல் மரத்ததும் பயந்துபோனான்.

ஞாயிறு ஓட்டம் முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தபோது ஹெர்மனிடம் சொன்னான். ஹெர்மன் ஊர் டாக்டர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சேறு படிந்த காலுறையோடு ஆப்பிள் கேக் தின்னும் ஓர் ஆள்தான். அவர் எழுந்து வெளியே போனார். சுவரில் சாய்த்திருந்த லூடோவின் சைக்கிளைக் குனிந்து பார்த்தார், முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"காத்த இப்படிக் கல்லு மாதிரி அடிச்சு வெச்சா விரல் மரக்காம என்ன செய்யும்? இருபது வயசுல ஓட்டின வண்டிய இன்னும் ஓட்டிட்டிருக்கே. முதுகு வளையாதவனுக்கு எதுக்குப்பா ரேஸ் வண்டி?"

"உன் வண்டி மட்டும் என்னவாம்?"

"நான் தினம் அறுபது கிலோமீட்டர் போறேனா? வேற வண்டி பாரு. சுகமா உக்காந்து ஓட்டுற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். லூடோவும் சிரித்தான். மனசு லேசாகிவிட்டது. கோளாறு வண்டியில் என்றால் வண்டியை மாற்றினால் தீர்ந்தது. ஹெர்மன் அவன் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார் என்று கேட்க லூடோவுக்கும் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று லீவாவுக்கு மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு மகளோடு காரில் போனான். கல்லறைக்கு இரண்டு எட்டு இருக்கும்போது தொட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது. மண் காலணி மேல் சிதறியது.

"அப்பா! என்னப்பா ஆச்சு? கைய காட்டுங்க."

"குளிரும்மா. விரல் மரத்துப்போச்சு. அந்தப் பாழாப்போன ஹேண்டில்பார்."

"இப்ப நீங்க சைக்கிள்லயா வந்தீங்க?"

அவன் குனிந்து இடது கையால் மண்ணை அள்ளினான்.

அடுத்த நாளே ஃபோன்ஸின் சைக்கிள் கடைக்குப் போனான். ஃபோன்ஸும் அவனும் இளவட்டமாக இருந்தபோது கோயில் திருவிழாப் பந்தயங்களில் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள். இப்போது ஃபோன்ஸுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வா வா, வீரா! ஒரு வழியா மூளை வந்துச்சா? பூந்தொட்டி வைக்கக் கூடை மாட்டின வண்டி ஒண்ணு இருக்கு, தரட்டா?"

"உன் பெண்டாட்டிக்கு வெச்சுக்க. ரேஸ் சைக்கிள்தான் வேணும். ஆனா உடம்பு நோகக் கூடாது."

"தேனும் வேணும், கொட்டவும் கூடாது. இரு."

மூன்று வண்டிகளை இறக்கினான். முதலாவது கறுப்பு, கத்தி மாதிரி. லூடோவின் கண் அதில்தான் போய் ஒட்டியது. ஏறி உட்கார்ந்தான், மூக்கு முன் டயரைத் தொட்டுவிடும் போல இருந்தது. இரண்டாவதில் கைப்பிடி எட்டவில்லை. மூன்றாவது பச்சை. ஹேண்டில்பார் உயரமாக இருந்தது, டயர் தடிமனாக இருந்தது, முதுகை நிமிர்த்தி உட்கார முடிந்தது. லூடோவுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"ரொட்டி வாங்கப் போற பாதிரியார் மாதிரி இருப்பேன்டா."

"இருந்துட்டுப் போயேன். உன்னை எவ பாக்கப்போறா?" என்ற ஃபோன்ஸ், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி சரி. கோயிலுக்குப் பின்னால கல்லுத் தெருவுல ஒரு சுத்து போய்ட்டு வா. அப்புறம் பேசு."

போனான். கருங்கல்லில் பச்சை வண்டி தொட்டில் மாதிரி போயிற்று. தோளில் இடியில்லை, இடுப்பில் குத்தலில்லை. ஈரத் தெருவில் மூன்று சுற்று சுற்றினான். நாலாவது சுற்றில் அவனுக்கு அழுகை முட்டியது. லீவா எத்தனை தடவை சொன்னாள், வயசுக்குத் தகுந்த வண்டியை வாங்கித் தொலையேன் என்று. அவள் பேச்சைக் கேட்டு இப்போது வாங்குகிறான், பார்க்க ஆளில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் வண்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ட்ராக்டர்கள் சாலையில் சேற்றைக் கொட்டிப்போயிருந்தன, மழை நிற்கவே இல்லை, எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அவனுக்கு உடம்பில் ஓர் இடம்கூட நோகவில்லை. "பார்த்தியா லீவா, பாதிரியார் வண்டி!" என்று ஆற்றங்கரையில் அவளுக்குப் பெருமை பேசினான். கழுத்து நேராயிற்று, முதுகு நேராயிற்று. விரல் மட்டும் அப்படியே இருந்தது. புது வண்டி பழக நாள் ஆகும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

பிறகு வலது பக்கத்துக் கியர் மாட்டிக்கொண்டது. மேட்டில் லீவரைத் தள்ளத் தள்ள நகரவில்லை. இறங்கி, இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தள்ளினான், நகர்ந்தது. கோபம் கோபமாக வந்தது. அன்று மாலையே ஃபோன்ஸ் கடையில் போய் இறங்கினான்.

"என்னடா வித்திருக்கே நீ? கியர் கம்பி துருவா? தள்ளவே முடியல!"

ஃபோன்ஸ் வண்டியைக் கொக்கியில் மாட்டி, பெடலைச் சுற்றிக்கொண்டே லீவரைச் சுண்டுவிரலால் தள்ளினான். டிக் டிக் என்று எல்லாப் பல்லிலும் ஏறி இறங்கியது.

"கம்பி வெண்ணெய் மாதிரி இருக்கு. என் பேத்தி தள்ளுவா இத. எங்க, நீ தள்ளு பாப்போம்."

லூடோ கையுறையைக் கழற்றிவிட்டுத் தள்ளினான். லீவர் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினான். ஃபோன்ஸ் கேலி செய்ய வாயைத் திறந்தவன், அவன் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இல்லை. அந்த இடம் குழிந்துபோய், தோல் மட்டும் தொங்கியது. குளிர் தொடங்கியதிலிருந்து கையுறையும் கதகதப்புமாகத் திரிந்ததில் லூடோ அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்தாலும் வயசாகிறது என்று நினைத்திருப்பான்.

"என் கைய அமுக்கு" என்றான் ஃபோன்ஸ்.

அமுக்கினான். பிடியில் பலமே இல்லை. ஃபோன்ஸ் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தான்.

"போயி ஹெர்மனப் பாரு. காப்பிக் கடைல வெச்சுப் பாக்காத. கிளினிக்ல போய்ப் பாரு. இன்னைக்கே."

ஹெர்மனை வெள்ளைச் சட்டையில் பார்த்து லூடோவுக்கு வருஷங்கள் ஆகியிருந்தன. சட்டையைக் கழற்றச் சொன்னார். கையை மடக்கு, நீட்டு, என்னைத் தள்ளு என்றார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். மேல்கையில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஹெர்மன் விளக்கை அருகில் இழுத்து அதையே வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லயே. துளிகூட வலி இல்ல."

"வலிச்சிருந்தா நல்லாருக்கும்" என்றார் ஹெர்மன் மெதுவாக. நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ மரப்புன்னு நினச்சது வலு போனது. இது மணிக்கட்டுல நரம்பு நசுங்குனது இல்ல, லூடோ. லூவன் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அவங்கதான் முடிவாச் சொல்லணும். ஆனா சதைக்கு உயிர் குடுக்கிற நரம்பே சாகுற மாதிரி இருக்கு. கையில ஆரம்பிக்கும். கையோட நிக்காது."

"மருந்து?"

"கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

லூடோ சட்டைப் பொத்தானைப் போட முயன்றான். மூன்றாவது பொத்தான் நுழையவில்லை. ஹெர்மன் எழுந்து வந்து போட்டுவிட்டார்.

"எவ்வளவு நாள் ஓட்டலாம்?"

"தெரியாதுப்பா. கோடை வரைக்கும்…" ஹெர்மன் சுத்தியலை மேசையில் வைத்தார். "அன்னைக்கே உன் கையப் பாத்திருக்கணும் நான். டயரப் பாத்தேன்."

வாசல் வரை கூட வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பச்சை வண்டி சுவரில் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தது. புத்தம் புது வண்டி, மழையில் ஞாயிறு ஓட்டங்கள் நின்றுபோனதால் ஹெர்மன் இன்னும் பார்த்திராதது. இப்போது குனிவார், டயரை அமுக்குவார், சீட் ஒரு விரல் தூக்கல் என்பார் என்று லூடோ காத்திருந்தான். அவர் ஒரு வார்த்தை அப்படிச் சொன்னால் போதும், நாளைக் காலை ஆற்றங்கரைக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

ஹெர்மன் வண்டியைப் பார்க்கவே இல்லை. லூடோவின் முகத்தைப் பார்த்தார்.

"நீ எப்படி இருக்கே, லூடோ?"

நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. லீவாவின் கல்லறையில்கூடக் கேட்கவில்லை. லூடோவுக்குப் புரிந்துவிட்டது. லூவன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் இடது கையால் சீட்டில் நின்ற மழைநீரை வழித்தான்.

"ரொம்ப சுகமா இருக்கு ஹெர்மன், வண்டி" என்றான். "எங்கயுமே வலிக்கல."